ஆய்வகப் பணி: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்திருக்கிறேன். ஒரு பல்கலைக்கழக விளம்பரத்தில் ‘புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப்., முற்றிலும் தற்காலிகம்’ என்று போட்டிருக்கிறார்கள் (ஜே.ஆர்.எஃப். என்பது இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை). நெட் தேர்வில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப்.பும் இதுவும் ஒன்றா?
– வாசகி, திருச்சி

இல்லை. நெட் ஃபெலோஷிப் உங்கள் பெயரில் வருவது. புராஜெக்ட் இடமோ அந்த ஆய்வுத் திட்டத்தின் பணத்தில் வருவது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. மத்திய அரசு நிதியில் நடக்கும் திட்டங்களில், நெட் அல்லது கேட் தேறியவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. சேருவதற்கு முன் திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி, பிஎச்.டி. பதிவுசெய்ய விடுவார்களா, இந்த ஆண்டுக்கான நிதி வந்துவிட்டதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படவே வேண்டாம். முந்தைய தவணைப் பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. அதுவரை சம்பளமும் நிற்கும்.

நேர்காணலில் செல் கல்ச்சர் (செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது) பற்றி என்னென்ன கேட்பார்கள்?
– வாசகர், மதுரை

செய்முறையை யாரும் ஒப்பித்துவிடலாம். ஒவ்வொரு படியும் எதற்கு என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டி-25 ஃபிளாஸ்க்கில் (25 சதுர செ.மீ. பரப்புள்ள குடுவை) ஒட்டி வளரும் செல்களைப் பிரிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மீடியாவை (செல்கள் வளரும் ஊட்டக் கரைசல்) உறிஞ்சிவிட்டு, கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பி.பி.எஸ். உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவுகிறோம். ஏன்? மீடியாவில் உள்ள சீரம், செல்களைக் கழற்றும் நொதியான டிரிப்சினைத் தடுக்கும். கால்சியம், மக்னீசியம் செல்களைப் பிடித்து வைத்திருக்கும். பிறகு 0.25 சதவீத டிரிப்சின்-ஈ.டி.டி.ஏ. 1 மி.லி. விட்டு, 37 டிகிரியில் 2, 3 நிமிடம். கடிகாரத்தைவிட மைக்ரோஸ்கோப்பை நம்புங்கள்: செல்கள் உருண்டு கழன்றதும் 10 சதவீத சீரம் கலந்த மீடியா 4 மி.லி. சேர்த்து நிறுத்த வேண்டும். விட்டுவைத்தால் செல்லின் மேற்பரப்புப் புரதங்கள் சிதையும். உடைந்த செல்களிலிருந்து வெளியேறும் டி.என்.ஏ. பிசுபிசுத்து மற்றவற்றைக் கட்டியாக்கும். அப்படியானால் எண்ணிக்கையும் தப்பாகிவிடும்.

எண்ணிக்கைக் கணக்கும் வரும். இறந்த செல்களை நீலமாக்கும் டிரைபன் புளூவைச் சம அளவு கலந்து எண்ணும்போது, ஹீமோசைட்டோமீட்டரின் (செல் எண்ணும் கட்டக் கண்ணாடி) நான்கு மூலைக் கட்டங்களிலும் சேர்த்து 160 உயிருள்ள செல்கள் என்று வையுங்கள். சராசரி 40, நீர்த்ததற்காக 2ஆலும், அறையின் கொள்ளளவுக்காக 10,000ஆலும் பெருக்கினால் மி.லி.க்கு 8 லட்சம். இதிலிருந்து மி.லி.க்கு 1 லட்சம் வீதம் 10 மி.லி. தயாரிக்க, 1.25 மி.லி. எடுத்து 8.75 மி.லி. மீடியா சேர்க்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது அந்த 2ஐத்தான்.

அடுத்து மைக்கோபிளாஸ்மா, செல் கல்ச்சரில் புகும் மிகச் சிறிய பாக்டீரியா வகை. மற்ற பாக்டீரியா புகுந்தால் மீடியா கலங்கி மஞ்சளாகும், மறுநாளே தெரியும். மைக்கோபிளாஸ்மா அப்படிக் காட்டிக்கொடுக்காது. செல்சுவர் கிடையாது, அதனால் பெனிசிலின் பலிக்காது, 0.22 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டும். செல்களின் வளர்ச்சி மந்தமாவதோடு சரி. அதன் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். போன்ற தனிச் சோதனை செய்தால்தான் பிடிபடும். ஆண்டிபயாட்டிக்கை எப்போதும் ஊற்றியே வைத்திருக்கும் ஆய்வகத்தில் இது இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும்.

நோயாளிகளின் ரத்த மாதிரியைக் கையாளும் வேலை. முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, நாகர்கோவில்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்: வழக்கமாக 0, 1, 6ஆம் மாதங்களில் மூன்று தவணை. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மி.லி.க்கு 10 மில்லி சர்வதேச அலகுக்குக் (mIU/mL) குறையக் கூடாது. மாதிரியை எந்த கேபினெட்டில் திறப்பார்கள் என்றும் பாருங்கள். கிளாஸ் 2 பயோசேஃப்டி கேபினெட்தான் வேண்டும். காற்று கிடைமட்டமாக வீசும் லேமினார் ஃபுளோ மாதிரியைத்தான் காக்கும். உங்கள் முகத்தில்தான் ஊதும்.