மாம்பழ ஜாம் லேபிளில் தேய்ந்த அச்செழுத்து: அழுக்காகத் தெரியாமல் இருக்க என்ன வழி?

கேள்வி: வீட்டில் மாம்பழ ஜாம் போட்டு பாட்டிலில் விற்கிறோம். லேபிளில் பெயர் தடிமனாக, பழைய அச்சகத்தில் அடித்ததுபோல மை விட்டுவிட்டுப் பிடித்திருக்க வேண்டும். அப்படியொரு ஃபான்ட் போட்டோம். கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது. அச்சில் அழுக்குப் பிடித்த மாதிரி தெரிகிறது. – வாசகி, காவேரிப்பட்டணம்

வேறு ஃபான்ட் தேடி அலைய வேண்டாம். சுத்தமான தடித்த எழுத்தில் பெயரை அமைத்து, தேய்மானத்தை உங்கள் கையாலேயே கொண்டுவாருங்கள்.

'மாம்பழ ஜாம்' என்பதில் 'ம' மூன்று இடத்தில் வருகிறது. ஃபான்ட்டில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரே உருவம்தான். அதில் ஒரு கீறல் இருந்தால் மூன்றிலும் அதே இடத்தில் அதே கீறல் விழும். பழைய அச்சில் ஒவ்வொரு ஈய எழுத்தும் தனித்தனியாகத் தேய்ந்தது. மையும் ஒரே சீராக ஏறவில்லை. கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

அதைவிட முக்கியம் புள்ளி. தேய்மானத்தில் அது கரைந்தால் 'ஜாம்' 'ஜாம' ஆகிவிடும். சொறசொறப்பு எங்கே வந்தாலும் புள்ளியை மட்டும் முழுதாக விடுங்கள்.

அழுக்குக்குக் காரணம் எழுத்துக்குள் இருக்கும் பொடிப்பொடி ஓட்டைகள். லேபிள் அளவுக்குச் சுருங்கும்போது மை பரவி அவற்றை அரைகுறையாக அடைத்துவிடும். பழைய அச்செழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: அழுத்தத்தில் மை ஓரத்துக்கு ஒதுங்கி, விளிம்பு கருத்து, நடுப்பகுதி வெளிறியிருக்கும். ஆகவே தேய்மானம் கோட்டின் நடுவில் இருக்கட்டும்; விளிம்பை உடைக்காதீர்கள். ஓட்டைகள் குறைவாக, கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும்.

முக்த மலர் ஃபான்ட்டின் எக்ஸ்ட்ரா போல்ட் இதற்குப் பொருந்தும். இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். பெயரை ஒரு முழுத் தாளில் பெரிதாக லேசர் பிரின்ட் எடுங்கள். நைசான உப்புத்தாளால் எழுத்தின் நடுவில் லேசாகத் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் தாளே கிழியும். பிறகு 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்து, சாம்பல் நிறம் இல்லாமல் கறுப்பு வெள்ளையாக மாற்றி அச்சகத்தில் கொடுங்கள். மூன்று 'ம'வும் மூன்று விதமாக வரும்.

இன்னொன்று: உங்கள் பிராண்டு பெயரில் 'லை', 'னை' இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கைபோல் வளைந்த வடிவத்தில் வரையச் சொல்லலாம். பழமை அதிலேயே வந்துவிடும், சொறசொறப்பே தேவைப்படாது.

இந்த எழுத்து பெயருக்கு மட்டும்தான். சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்புத் தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் எல்லாம் சாதாரண எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

மொத்தமாக அடிக்குமுன் அதே ஸ்டிக்கர் தாளில் ஒன்றை எடுத்து, ஜாம் நிரப்பிய பாட்டிலில் ஒட்டிப் பாருங்கள். தாள் கண்ணாடி மாதிரி இருந்தால் ஓட்டைகள் வழியே ஜாமின் நிறம் தெரியும். சிவப்பு எழுத்து அதில் அமுங்கிப்போகும், கறுப்பு நிற்கும்.