இருட்டிலேயே அடைபட்ட விலங்கின் கண்ணுக்கு இரவு வந்தது தெரியுமா?

"கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறுகிறது, இதில் உடல் கடிகாரத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வேட்டுக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. நான் விஞ்ஞானி இல்லை. ஓர் ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொண்ட உதவியாளன். "உனக்கென்ன தகுதி" என்று கேட்க வருபவர்கள் இப்போதே கேட்டுவிடலாம். ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து கண்ணின் மின் அலைகளைப் பார்த்தவன் நான்தான்.

எங்களிடம் இருந்தது குதிரை லாட நண்டு. வெளிச்சம் துளியும் புகாத பெட்டியில் அதை அசையாமல் பொருத்தி, கடல்நீரில் நனைத்த பஞ்சுத் திரியைப் பக்கவாட்டுக் கண்ணின் மேல் படியவைப்போம். சீரான இடைவெளியில், ஒரே அளவில், ஓர் ஒளிவீச்சு. கண்ணில் எழும் மின்னழுத்தத்தைப் பேனா தாளில் கீறும். பகல் முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள். வெளியே பொழுது சாயும் நேரம் வந்ததும் மேடுகள் உயரத் தொடங்கும். பெட்டிக்குள் அதே இருட்டு, அதே ஒளிவீச்சு. நள்ளிரவில் பேனா தாளின் விளிம்பை முட்டும். மின்னழுத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பெருக்கியின் அளவைக் குறைக்க நான் ஓடுவேன். விடிந்தால் தானாக அடங்கிவிடும்.

கடிகாரம் நண்டின் மூளையில் இருக்கிறது. இரவானதும் அங்கிருந்து பார்வை நரம்பு வழியாகக் கண்ணுக்குத் துடிப்புகள் வருகின்றன. ஆம், மூளையிலிருந்து கண்ணுக்கு. ராபர்ட் பார்லோவின் குழு 1977-இல் இதை வெளியிட்டது. நரம்பைத் துண்டித்தால் இரவு ஏற்றம் நின்றுவிடும். துடிப்பு வந்தால் கண்ணின் சிற்றறைகளுடைய வாய் அகலும், நிறமி விலகும், கூடுதல் ஒளி பிடிபடும். இருட்டுக்குப் பழகுவதும் இதுவும் சேர்ந்தால் உணர்திறன் பத்து லட்சம் மடங்கு வரை உயரும். ஆண் நண்டு இரவிலும் கண்ணைக்கொண்டு பெண்ணைத் தேடிப்போவது இதனால்தான்.

"இருட்டுக்குப் பழகுவதையே கடிகாரம் என்கிறாய்" என்று ஒருவர் வருவார். ஐயா, பழகுவது என்றால் ஏறிய இடத்திலேயே நிற்க வேண்டும். இருட்டு மாறாமலே விடியலில் இறங்குவானேன்?

எல்லா விலங்குக்கும் இதே ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. வெள்ளெலியில் (ஹாம்ஸ்டர்) விழித்திரைக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பதை, விழித்திரையைத் தனியே எடுத்து வளர்த்து, டோசினியும் மெனாக்கரும் 1996-இல் காட்டினார்கள். எலியின் கண்ணில், மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் தங்கள் நுனித் தட்டுகளை நாள்தோறும் காலையில் உதிர்க்கின்றன. விளக்கே போடாவிட்டாலும் அந்த நேரத்தில் உதிர்க்கின்றன.

எங்கள் கட்டுரை அச்சில் வந்தபோது நன்றியுரையில்கூட என் பெயர் இல்லை. இடம் போதவில்லையாம். பெட்டியைக் கடன் கொடுத்தவருக்கு மட்டும் ஒரு முழு வரி இருந்தது. சரி, விடுங்கள்.

எலியோ மீனோ, கண்ணை அளந்தால் அளவுக்குப் பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். ஒரு கூட்டத்தைக் காலையிலும் மற்றதை மாலையிலும் அளந்துவிட்டு, வித்தியாசம் மருந்தால் வந்தது என்று முடித்த ஆய்வேடுகளை நான் தட்டச்சு செய்தே கொடுத்திருக்கிறேன்.