பூதத்துக்கு எத்தனை பலம் கொடுக்கலாம்?

பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியில் பகடை உருட்டிக் கதை விளையாடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரம், அது செய்ய நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடையும் பாத்திரத்தின் பண்பு எண்ணும் சேர்ந்து சொல்லும். இதற்காகச் சொந்தமாகக் கதை உலகமும் அதில் பூதம், நாகர் போன்ற இனங்களும் கட்டுகிறவர்கள் இந்த வாரம் கேட்டவை இவை.

அண்ணா, பலம், சுறுசுறுப்பு, தாக்குப்பிடிப்பு, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு பண்பு வைத்திருக்கிறேன். பூதத்துக்குப் பலத்தில் +6 கொடுத்தால் தப்பா? (கே.ஆர்.புரம்)

அதிகம், தம்பி. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு +1-உம் 5 சதவீத வாய்ப்பு. பலம் அப்படியே பகடையோடு கூடுமென்றால், உங்கள் பூதம் மற்றவரைவிட 30 சதவீதம் முன்னால் நிற்கும். கதவை உடைக்க வேண்டிய இடத்திலெல்லாம் மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். இவ்வகை விளையாட்டுகளில் பேர்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளில் குள்ளர் இனத்துக்குத் தாக்குப்பிடிப்பில் +2 உண்டு. அங்கே பண்பு இரண்டு கூடினால் பகடையில் ஒன்றுதான் கூடும் என்பதால், அதுவும் பகடையில் +1 ஆகத்தான் விழும். அந்த அளவே போதும்.

பகடை உருட்டிப் பண்பு எடுக்கலாமா, புள்ளி பிரித்துக் கொடுக்கலாமா? (ஒயிட்ஃபீல்ட்)

மூன்று ஆறு முகப் பகடை உருட்டினால் சராசரி 10.5, 18 விழுவது 216-ல் ஒரு முறை. புதியவர்களுக்கு ஆளுக்குச் சமமாகப் புள்ளி கொடுத்து, பண்புகளில் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாளே ஒருவர் முகம் வாட வேண்டாம்.

அரக்கர்களுக்கு அறிவு -2 வைத்தால் யாராவது கோபிப்பார்களா சார்? (சிவாஜிநகர்)

நான் கோபிப்பேன். "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு கூட்டத்தையே மந்தபுத்தி என்று எண்ணில் எழுதி வைக்க எனக்குக் கை வராது. உடம்போடு வருவதை இனத்தில் வையுங்கள்: இருட்டில் பார்வை, மூச்சடக்கம், தடித்த தோல். படிப்பு, வீரம், பேச்சு எல்லாம் வளர்ப்பில் வருபவை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே 2024 விதிகளில் பண்புக் கூடுதலை இனத்திலிருந்து எடுத்து, பாத்திரம் வளர்ந்த பின்னணியில் வைத்துவிட்டது. காட்டில் வளர்ந்த அரக்கன் வேறு, ஏடுகளுக்கு நடுவே வளர்ந்த அரக்கன் வேறு. அப்புறம் பாருங்கள், உங்கள் அரக்கர்கள் எவ்வளவு விதமாக வருகிறார்கள் என்று.

நாகருக்கு விஷம் தவிர ஒன்றும் தோன்றவில்லை. அக்கா உங்களைக் கேட்கச் சொன்னாள். (ஸ்ரீராம்புரம்)

விஷத்தை விடுங்கள், தரையைக் கொடுங்கள். எங்கள் மேஜையில் நாகர் நிலத்தின் அதிர்வை உணர்வார்கள். போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் நாகினியாக விளையாடினாள். குகை இருட்டு. "கையைத் தரையில் வைக்கிறேன்" என்று சொல்லி நிஜமாகவே உள்ளங்கையை மேஜையில் பதித்தாள். நான் பதில் சொல்லவில்லை, விரலால் தட்டினேன்: கனமாக இரண்டு, லேசாக ஒன்று. மறுபடியும் அதே. மாடியே அமைதியானது. கண்ணை மூடிக்கொண்டு, "ஒரே ஆள்தான். கைத்தடியோட வர்றான்" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள்! +4 கொடுத்திருந்தால் அந்த நிமிடம் கிடைத்திருக்காது.

விலையும் வையுங்கள். அருவிப் பக்கத்திலோ, பறை முழங்கும் சந்தையிலோ அந்த உணர்வு குழம்பிவிடும். விலையில்லாத திறமையை ஆட்டக்காரர் மூன்றாவது வாரம் மறந்துவிடுகிறார்.

நாலு இனமும் சமமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? (கே.ஆர்.புரம் தம்பியே மறுபடியும்)

ஒரே பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இனத்தை மட்டும் மாற்றி மாற்றி ஒரு சண்டை, ஒரு பேரம், ஒரு இரவுப் பயணம் ஓட்டுங்கள். மூன்றிலும் ஒரே இனம் ஜெயித்தால் அதில் ஒன்றைக் குறையுங்கள். மூன்றிலும் ஓர் இனத்துக்கு வேலையே இல்லையென்றால், எண்ணைக் கூட்டாமல் புதிதாக ஒரு திறமை கொடுங்கள். ஞாயிறு மாலை பூதத்தோடு வாருங்கள், உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்போம்.