காய்ந்த ஓடையும் சட்டப்படி ஓடைதான்

"ஓடையில் தண்ணீரே இல்லை, அப்புறம் என்ன மாசு?" என்று, ஓடையில் கிரானைட் அறுக்கும் சேற்றைக் கொட்டுவது பற்றிய உங்கள் மனுவைத் திருப்பியது தவறு. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 'ஓடை' என்றால் அப்போதைக்கு வறண்டு கிடக்கும் நீர்வழியும் சேர்த்திதான். பிரிவு 24ஐக் குறிப்பிடுங்கள். மாசு கலப்பதை மட்டுமல்ல, மாசை மேலும் மோசமாக்கும் விதத்தில் நீரோட்டத்தை மறிக்கும்படி எதையும் கொட்டுவதையும் அது தடுக்கிறது. கிரானைட் அறுக்கும் சேறு இரண்டிலும் மாட்டலாம்.

மனுவில் சர்வே எண் போட்டீர்களா? பர்கூர் பக்கம் எங்கள் மனு சுற்றியதற்கு அது இல்லாததுதான் காரணம். பட்டா நிலம் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

1. அ-பதிவேட்டை (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் கிராமப் பதிவேடு) இணையத்தில் எடுங்கள். 'ஓடை புறம்போக்கு' என்று இருந்தால் அதையே இணையுங்கள்.

2. காய்ந்த சேறு அப்பளம்போல வெடித்து நிற்கும். அதைப் படமெடுங்கள். முதல் மழைக்கு மறுபடி போங்கள், பால் கலந்ததுபோல ஓடும். என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது படம்தான் பேசும்.

மனுவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கனிமவளத் துறை இரண்டுக்கும் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று: தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போவதாக இருந்தால், அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 14இன் கீழ் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. பதிலுக்குக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.