தக்கை மேலே எழும்பினால் பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள்

திராட்சை ஒயினை அடைத்த சில நாட்களிலேயே தக்கைகள் மேலே எழும்புகின்றன, படுக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் நண்பரே. உள்ளே நொதித்தல் இன்னும் முடியவில்லை என்றே நினைக்கிறேன். அழுத்தம் கூடினால் கண்ணாடி வெடித்துக் கையைக் கிழித்துவிடும். முதலில் பாட்டில்களை நிமிர்த்திக் குளிரவைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திறங்கள். ஒயினை அதிகம் காற்றுப் படாமல், காற்றுப்பூட்டு (நொதிக்கும்போது வரும் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) உள்ள கலனுக்கே திருப்பிவிடுங்கள். ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) அளவு 1.000-க்குக் கீழே இறங்கிப் பல நாட்கள் மாறாமல் நின்ற பிறகே மறுபடி அடையுங்கள்; இதில் அவசரமே கூடாது.

புதுத் தக்கை போட்டபின் மூன்று நாள் நிமிர்த்தி வைத்து, அப்புறம் படுக்க வையுங்கள், தக்கை காயாது. திருகுமூடி நிமிர்ந்தே இருக்கலாம். வெளிச்சம் படாத, 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலைக்கும் இடம் நல்லது. அடுப்பருகே வேண்டவே வேண்டாம்.