இண்டிகேட்டர்ல எடை தெரியுது, கம்ப்யூட்டர்ல வரல

கேள்வி: ஆலங்குளம் பக்கம் எடைமேடை வச்சிருக்கோம். பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. போன வாரம் இடி இடிச்சதுல இருந்து லாரி எடை இண்டிகேட்டர்ல (எடை நம்பர் காட்டுத பெட்டி) சரியா காட்டுது, கம்ப்யூட்டர்ல சைபராவே நிக்கி. சர்வீஸ்காரர் மதர்போர்டு போச்சு, புது சிஸ்டம் வாங்குங்கங்காரு. வாங்கத்தான் வேணுமா அண்ணாச்சி?

பதில்: அவசரப்படாதீய தம்பி. இண்டிகேட்டர், கேபிள், கம்ப்யூட்டர்ல அந்த கேபிள் சொருகுத சீரியல் போர்ட்டு, சாஃப்ட்வேர்னு நாலுல எது மக்கர் பண்ணுதுன்னு பாக்காம மொத்த சிஸ்டத்தையும் மாத்தச் சொல்லுதது எனக்கு ஒப்பாது.

மொதல்ல சிஸ்டம் ஆன் பண்ணும்போது தேதி 2002, 2003ன்னு பழசா காட்டுதான்னு பாருங்க, காட்டுனா போர்டுல இருக்க சிஆர்2032 பேட்டரி செத்துட்டு, பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடுத போர்டோட அடிப்படை ப்ரோகிராம்) செட்டிங்கும் மாறியிருக்கும். உள்ள போயி சீரியல் போர்ட் 1ங்கறது டிசேபிள்ல கெடக்கான்னு பாத்து 3எஃப்8, ஐஆர்க்யூ 4ன்னு வையுங்க. அதான் காம்1, விண்டோஸ்ல அந்தப் போர்ட்டுக்குப் பேரு.

அடுத்தது தான் முக்கியம். சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டு கேபிள கழட்டுங்க. பின்னாடி ஒம்பது பின் இருக்குலா, அஞ்சு பின் வரிசை மேல வர்ற மாதிரி வச்சு இடப்பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதையும் மூணாவதையும் மட்டும் மெல்லிசு செம்புக் கம்பியால சுத்தி ஒண்ணாக்குங்க, மத்த பின்ல பட்டுறக் கூடாது. எடை சாஃப்ட்வேர மூடிட்டு (அது போர்ட்ட புடிச்சு வச்சிருக்கும்) ஹைப்பர்டெர்மினல்ல (போர்ட்டு வழியா எழுத்து அனுப்பி வாங்குத எக்ஸ்பி ப்ரோகிராம்) காம்1 தொறந்து ஃப்ளோ கண்ட்ரோல்ங்கற எடத்துல நன் (None) குடுத்து எதாவது டைப் அடிங்க. அடிச்ச எழுத்து திரும்பி வந்தா போர்ட்டு உயிரோட இருக்கு. ஆனா கம்பிய எடுத்துட்டு இன்னொரு தடவ அடிச்சுப் பாருங்க, அப்பவும் வந்தா அது லோக்கல் எக்கோ (அடிச்சத அந்த ப்ரோகிராமே திரையில காட்டுத வசதி) ஆன்ல கெடக்கறதால வர்றது, அத நம்பி நான் ஒரு நாள் முழுக்க ஏமாந்து கெடந்தேன்.

எழுத்து திரும்பி வரலைன்னா மல்டிமீட்டர எடுங்க. கம்பிய எடுத்துட்டு, கறுப்பு முனைய அஞ்சாவது பின்லயும் செவப்ப மூணாவதுலயும் வச்சா சும்மா இருக்கும்போதே மைனஸ் 5ல இருந்து மைனஸ் 12 வோல்ட்டுக்குள்ள காட்டணும். சைபர் பக்கத்துல நின்னா போர்ட்டு வழியா சிக்னல் அனுப்புத டிரைவர் சிப்பத்தான் இடி தின்னுட்டுன்னு அனேகமா வச்சுக்கிடலாம், இந்தச் சவம் கேபிள் வழியா வர்ற அதிர்ச்சிய மொதல்ல வாங்கறதே அதுதான். போர்டு மத்தபடி நல்லா ஓடும். வோல்ட் சரியா இருந்தும் எழுத்து வரலைன்னா வாங்குத பக்கம் போயிருக்கலாம். எதுவானாலும் பிசிஐ சீரியல் கார்டு (போர்டுல சொருகுத, புது சீரியல் போர்ட்டு உள்ள அட்டை) ஒண்ணு போட்டா முடிஞ்சு.

போர்ட்டு நல்லாருந்தா இண்டிகேட்டர் பக்கம் போங்க, அது அனுப்புத பின்லயும் இதே மாதிரி மைனஸ் வோல்ட் இருக்கணும். எந்த பின்னுங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், மேனுவல பாத்துக்கிடுங்க. ஹைப்பர்டெர்மினல்ல எடைக்குப் பதிலா கிறுக்கல் வந்தா சந்தோசப்படுங்க, வயர் சரி, பாட் ரேட்டோ (அனுப்புத வேகம்) பாரிட்டியோ (பிழை பாக்குத பிட்) தான் ரெண்டு பக்கமும் பொருந்தல.

கார்டு போட்டா அது காம்3ன்னு வரலாம், சாஃப்ட்வேர்லயும் நம்பர மாத்திருங்க. இல்லன்னா டிவைஸ் மேனேஜர்ல பழைய போர்ட்ட டிசேபிள் பண்ணிட்டு புதுசுக்கு காம்1 குடுங்க.