தழும்பில் வந்த புற்று: கையை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சிறு வயதில் வலது புறங்கையில் கொதிக்கும் கஞ்சி கொட்டிய தழும்பு உண்டு. ஒன்றரை வருடமாக அதில் ஆறாத புண். இப்போது காலிஃபிளவர் மாதிரி வளர்ந்து நாற்றமடிக்கிறது. சதைச் சோதனையில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் (ஒருவகைத் தோல் புற்று) என்று வந்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே கையை எடுக்கச் சொல்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். மருந்திலேயே குணமாகாதா?

பதில்: கத்தி பட்டுப் பரவாது. கத்தி படாமல் போன அந்த ஒன்றரை வருடத்தில்தான் நோய் உள்ளே இறங்கியிருக்கும். சொந்தக்காரர்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

வெந்த தழும்பில் பல வருடம் கழித்து வரும் இதை மார்ஜோலின் புண் என்போம். வெயிலால் வரும் தோல் புற்றைவிட முரடானது.

கை தப்புமா என்பது ஆழத்தைப் பொறுத்தது. உங்கள் புறங்கையைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே விரலை நீட்டும் தசைநாரும் எலும்பும் தட்டுப்படும். புற்று அங்கே போக அதிக தூரம் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் இவை தப்பியிருந்தால், சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டிவிட்டு, வேறிடத்துச் சதையை வைத்து மூடலாம். எலும்பு வரை பிடித்திருந்தால் எடுப்பதுதான் சரி. அரைகுறையாக வெட்டி மறுபடி முளைத்து வருபவர்களைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

எல்லோரும் கையையே பார்ப்பார்கள், அக்குளை மறந்துவிடுவார்கள். அங்கேயும் முழங்கையின் உள்பக்கமும் நெறி கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நெறியில் புற்று இருந்தால் அதையும் எடுத்து, பெரும்பாலும் கதிர்வீச்சும் தருவார்கள்.

மருந்து இருக்கிறது. செமிப்ளிமாப் என்ற ஊசிக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் வழியில்லாதவர்களுக்குத்தான் அது முதலில் வந்தது. விலையும் மலைக்க வைக்கும். வெட்டி எடுக்க முடிகிற புற்றுக்கு அறுவைதான் முதல் வழி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

அதுவரை, மஞ்சள் வேப்பிலைப் பத்துப் போட வேண்டாம். நாற்றத்துக்கு, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நாற்றம் நன்றாகவே குறையும். வாசலின் தடவிய காஸ் துணி வைத்தால் கட்டுப் பிரிக்கும்போது ஒட்டாது. ரத்தம் கசிந்தால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்கு.

அப்புறம், அப்பா வலது கைக்காரர் என்றால் இடது கையால் சாப்பிட இப்போதே பழகட்டும். வங்கியில் கையெழுத்தையும் அறுவைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.